கடற்கரை நாயும் உலக மாநாடும்

சென்னை மாநகரில், மயிலாப்பூருக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்துள்ளது நொச்சிக்குப்பம். மீனவர் வாழும் அவ்வூரில் படகுகளின் நிழலில் நாய்கள் படுத்துறங்கும். அவற்றினருகே சிறுவர் ஓடி விளையாடுவர். நாய் மனிதனுக்கு நற்றுணையே. ஆயினும், வெறிநோய் கொண்ட நாயின் கடி உயிருக்கே உலை வைக்கும். நோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தோர் மிக அரியர்.

1885 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பூசியிட்டு அவனைக் காத்தார். அன்று தொடங்கிய முயற்சி இன்னும் ஓயவில்லை. செல்லப் பிராணிகளைப் பேணும் மருத்துவர்கள் பன்னாடுகளினின்றும் வந்து மாநாடுகளில் கூடுகின்றனர். 2018 இல் சிங்கப்பூரில் அத்தகைய உலக மாநாடு ஒன்று நடைபெற்றது. ஒரு நாட்டார் கண்டறிந்ததைப் பிற நாட்டார் கற்றுக்கொள்ள இம்மாநாடுகள் துணைபுரிகின்றன.

ஓரிடத்து நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஆண்டுதோறும் தடுப்பூசியிட்டால், அந்நோய் அங்குப் பரவாது ஒடுங்கும் என்பது அறிஞர் கண்ட உண்மை. இதனைச் செயலாக்கக் கால்நடை மருத்துவர் பலர் வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903 இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி அத்தகையோரை உருவாக்கி வருகின்றது.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. நாய் கடித்தால் அதனை மறைத்தலாகாது. புண்ணை உடனே சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மருத்துவர் கூறும் ஊசிகளுள் ஒன்றையும் தவறவிடலாகாது. மாநாட்டில் அறிஞர் ஆய்ந்த அறிவு, கடற்கரைச் சிறுவனுக்கும் எட்டும்போதே முழுப்பயன் தரும்.