வன ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பத்திரிகைக்கு அனுப்பும் முறை

நெல், சோளம், பருத்தி முதலிய பயிர்களில் ஒரு பரீட்சை தவறிப்போனால் அடுத்த போகத்திலேயே அதை மறுபடியும் செய்து பார்க்கலாம். மரப்பயிர்களில் அது எளிதன்று. சவுக்கு வெட்டுக்கு வருவதற்கு மூன்று முதல் ஐந்து வருஷங்கள் வரை செல்லும். தேக்கோ ஒரு தலைமுறைக் காலத்தைக் கேட்கும். ஆகையால் மரங்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியின் முடிவு சரியான முறையில் எழுதப்படாமலோ, பிரசுரமாகாமலோ போனால் ஏற்படும் நஷ்டம் காகித நஷ்டம் மட்டுமன்று. திரும்பப் பெற முடியாத கால நஷ்டமும் ஆகும்.

முற்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபார் ஜில்லாவில், நிலம்பூர் என்னும் இடத்தில், கலெக்டர் கானலி என்பவரின் ஏற்பாட்டில் 1840-களில் தேக்குத் தோட்டங்கள் போடப்பட்டன. சாத்து மேனோன் என்பவர் அவ்வேலையை முன்னின்று நடத்தினார். அத்தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் காப்பாற்றப்பட்டு வருகிறது. நட்டவர் கண்ணால் கண்டு முடிக்க இயலாத வேலை இது. பின்வருபவர் அதனால் பயனடைய வேண்டுமானால் விதை எங்கிருந்து வந்தது, எப்படி முளைக்கவைத்தார்கள், எவ்வளவு இடைவெளியில் நட்டார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

இத்தகைய எழுத்துக்களுக்கென்றே ஏற்பட்ட பத்திரிகைகள் உண்டு. இந்தியாவில் அவற்றுள் மிகப் பழமையானது 1875-ஆம் வருஷத்தில் ஷ்லிக் என்பவரின் முயற்சியால் தொடங்கப்பெற்று, டேராடூனிலிருந்து வெளிவரும் ‘இண்டியன் பாரெஸ்டர்’ ஆகும். இவ்வகைப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்புவோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள் கீழே கூறப்படுகின்றன. கட்டுரை எழுதாத விவசாயிகளும் இவற்றை அறிந்திருப்பது நலம். மரம் நடும்படி தமக்குக் கூறப்படும் யோசனை எத்தகைய ஆதாரத்தின்மேல் நிற்கிறது என்பதைக் கேட்டறிய இவை உதவும்.

பரீட்சையின் அமைப்பு

கட்டுரை திருப்பி அனுப்பப்படுவதற்குரிய காரணங்களுள் முக்கியமானது எழுத்துநடையின் குறை அன்று. பரீட்சையின் அமைப்பிலுள்ள குறையே. உதாரணமாக, ஒரு பாத்தியில் நூறு சவுக்குக் கன்றுகளை நட்டு நீர் பாய்ச்சி, மற்றொரு பாத்தியில் நூறு கன்றுகளை நட்டு மானாவாரியாக விட்டதாகக் கொள்ளலாம். நூறு மரங்களை அளந்துவிட்டதால் நூறு முறை பரீட்சை செய்ததாக எண்ணுவது தவறு. முதல் பாத்தி இயற்கையிலேயே வளமான மண்ணாக இருந்திருக்கலாம். அப்படியானால் வளர்ச்சியின் வித்தியாசம் நீரால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. இக்குறையை 1984-ஆம் வருஷத்தில் ஹர்ல்பர்ட் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் விரிவாக எடுத்துக்காட்டியபின், பரிசீலகர்கள் இதை விசேஷமாகத் தேடிப் பார்க்கின்றனர்.

இதற்குப் பரிகாரம், நிலத்தைப் பல தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா முறைகளையும் வைத்து, எந்தப் பாத்திக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதாகும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919-இல் வேலைக்கமர்ந்த பிஷர் என்பவர் இம்முறையை வகுத்து, 1935-இல் நூலாகவும் வெளியிட்டார். நட்டு ஐந்து வருஷங்கள் கழிந்தபின் இக்குறையைத் திருத்த யாராலும் இயலாது. ஆதலால் கன்று நடுவதற்கு முன்பே கணித நிபுணர் ஒருவரைக் கலந்து கொள்ளுதல் நன்று.

மரத்தின் பெயர்

வழக்குப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. கருவேலும் சீமைக்கருவேலும் பெயரளவில் நெருங்கியவை. ஆயினும் அவை வெவ்வேறு மரங்கள். சாஸ்திரப் பெயரும் காலத்தால் மாறுவதுண்டு. கருவேல் முதலில் அகேஷியா அராபிகா என்றும், பின்னர் அகேஷியா நிலோட்டிகா என்றும் வழங்கிற்று. அகேஷியா என்னும் பெயர் ஆஸ்திரேலிய இனங்களுக்கே உரியது என்று 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மகாநாடு முடிவு செய்தது. 2011-இல் மெல்போர்னில் கூடிய மகாநாடு அதை உறுதிப்படுத்திற்று. இப்பொழுது அம்மரம் வாச்செல்லியா நிலோட்டிகா எனப்படுகிறது. ஆகவே கட்டுரையில் முதன்முறை பெயர் வரும் இடத்தில் முழுச் சாஸ்திரப் பெயரையும், பெயரிட்டவரின் பெயரையும் குறித்து, பழைய பெயர் பரவலாக வழங்குமாயின் அதையும் சேர்க்க வேண்டும். ஐயத்துக்கிடமான இனமாயின் பூவும் காயும் கூடிய கிளையை உலர்த்தி, கோயமுத்தூரிலுள்ள சென்னை உலர்தாவரத் தொகுப்பு போன்றதோர் இடத்தில் ஒப்புவித்து, அதன் எண்ணைக் கட்டுரையில் கொடுப்பது உத்தமம்.

அளவுகள்

மரத்தின் சுற்றளவை மார்பு உயரத்தில் எடுப்பது வழக்கம். இந்தியாவில் மார்பு உயரம் என்பது தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது 4½ அடி. வேறு பல தேசங்களில் 1.30 மீட்டர் என்று கொள்கிறார்கள். எந்த உயரத்தில் அளந்தது, எடுத்தது சுற்றளவா குறுக்களவா, சரிவான நிலத்தில் எப்பக்கம் நின்று அளந்தது என்பவற்றை ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும்.

மரத்தின் கன அளவைக் கணக்கிட்ட சூத்திரத்தையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது வியாபாரத்தில் நெடுங்காலமாக வழங்கிய முறை. 120 சென்டிமீட்டர் சுற்றளவும் 3 மீட்டர் நீளமும் உள்ள உருண்டைக் கட்டைக்கு இம்முறைப்படி 0.27 கனமீட்டர் வரும். உண்மையான உருளைக் கணக்கின்படி அதே கட்டை ஏறக்குறைய 0.34 கனமீட்டர் ஆகும். அதாவது கால்சுற்று முறை நூற்றுக்கு 78½ பங்கையே காட்டுகிறது. ஒரு கட்டுரை ஒரு முறையையும் மற்றொரு கட்டுரை வேறு முறையையும் கைக்கொண்டு, இரண்டும் அதைச் சொல்லாமல் விட்டால், அவற்றை ஒப்பிட்டு மகசூலைத் தீர்மானிக்கும் விவசாயி ஏமாந்து போவார்.

பிழைத்தவையும் பட்டுப்போனவையும்

உயிரோடிருக்கும் மரங்களின் சராசரிச் சுற்றளவை மட்டும் கொடுப்பது அநேக கட்டுரைகளில் காணும் குறையாகும். ஒரு பாத்தியில் நட்ட 100 கன்றுகளில் 90 பிழைத்து, ஒவ்வொன்றும் 40 சென்டிமீட்டர் சுற்றளவு உள்ளதாகவும், மற்றொன்றில் 40 மட்டுமே பிழைத்து, ஒவ்வொன்றும் 48 சென்டிமீட்டர் உள்ளதாகவும் வைத்துக் கொள்ளலாம். சராசரியை மட்டும் நோக்கினால் இரண்டாவது பாத்தியே சிறந்ததாகத் தோன்றும். அடிமரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கூட்டினாலோ முதற்பாத்தி 1.15 சதுரமீட்டரும், இரண்டாவது 0.73 சதுரமீட்டருமே ஆகின்றன. இடம் அதிகம் கிடைத்ததனால் இரண்டாவது பாத்தியின் மரங்கள் பருத்தனவேயன்றி, அப்பாத்தியின் பலன் குறைவே. எனவே நட்ட தொகை, பிழைத்த தொகை, பட்டுப்போன காரணம் ஆகிய மூன்றும் கட்டுரையில் இடம்பெற வேண்டும்.

கட்டுரையின் பகுதிகள்

பெரும்பான்மையான பத்திரிகைகள் ஒரே ஒழுங்கை எதிர்பார்க்கின்றன: தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள், முன்னுரை, பொருள்களும் முறைகளும், முடிவுகள், விவாதம், நன்றியுரை, மேற்கோள் நூல்களின் பட்டி. சுருக்கத்தில் என்ன செய்யப்பட்டது, என்ன கண்டது என்பவை எண்களோடு இருத்தல் வேண்டும். ‘முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. முறைகளைக் கூறும் பகுதியைப் படித்து, வேறொருவர் அதே பரீட்சையைத் திருப்பிச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். தேக்கு விதையை நனைத்து உலர்த்தி விதைத்ததாகச் சொன்னால் மட்டும் போதாது. எத்தனை மணி நேரம் நனைத்தது, எத்தனை நாள் அப்படிச் செய்தது என்பதும் வேண்டும். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, மழையளவு, மண்வகை, விதையின் மூலஸ்தலம் ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும். கண்ட விஷயத்தை முடிவுகளிலும், அதன் கருத்தை விவாதத்திலும் எழுதுவதே முறை. எதிர்பார்த்த பலன் கிட்டாவிடினும் அதை மறைக்கலாகாது. பயன்படாத முறை எது என்று தெரிந்தால் மற்றொருவரின் பத்து வருஷ உழைப்பு மிச்சமாகும்.

அனுப்புதல்

முதலில், கட்டுரையின் விஷயம் அப்பத்திரிகையின் எல்லைக்குட்பட்டதா என்று அதன் சென்ற சில இதழ்களைப் படித்து அறிய வேண்டும். அடுத்து, எழுதுவோர்க்கான விதிகளை வரிவரியாகப் படித்து, பக்க அளவு, அட்டவணை, படம், மேற்கோள் குறிக்கும் முறை ஆகிய யாவற்றிலும் அவற்றுக்கு இணங்க வேண்டும். அநேகமாக எல்லாப் பத்திரிகைகளும் இக்காலத்தில் கட்டுரைகளை இணையத்தின் வழியாகவே பெறுகின்றன. பத்திராதிபருக்கு ஒரு சிறு கடிதமும் உடன்செல்ல வேண்டும். அதில் கட்டுரையின் புதுமை இன்னதென்றும், வேறெங்கும் பிரசுரமாகவில்லை என்றும், வேறு பத்திரிகையின் ஆலோசனையில் இல்லை என்றும் கூற வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைகளுக்கு ஒரே கட்டுரையை அனுப்புவது பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது.

பரீட்சையிலோ எழுத்திலோ உண்மையாகப் பங்கு கொண்டவர் யாவரும் ஆசிரியராகக் குறிக்கப்பட வேண்டும். பங்கு கொள்ளாத மேலதிகாரியின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது தகாது. மழையிலும் வெயிலிலும் சென்று மரங்களை அளந்து கொடுத்த வனக்காவலர்களையும், நிலம் கொடுத்த விவசாயிகளையும் நன்றியுரையில் மறக்கலாகாது.

பரிசீலனை

கட்டுரையைப் பத்திராதிபர் முதலில் தாமே பார்வையிட்டு, தகுதியுள்ளதாயின் அத்துறையில் தேர்ந்த இரண்டு அல்லது மேற்பட்ட பரிசீலகர்களுக்கு அனுப்புவார். அவர்களின் பெயர் பெரும்பாலும் எழுதியவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. சில பத்திரிகைகளில் எழுதியவரின் பெயரும் அவர்களுக்கு மறைக்கப்படும். இதற்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காலம் செல்லும்.

திருத்தம் கேட்டு வரும் பதிலைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. திருத்தமின்றி ஏற்கப்படும் கட்டுரைகள் மிகச் சிலவே. பரிசீலகரின் ஒவ்வோர் அபிப்பிராயத்தையும் வரிசையாக எழுதி, அதன் கீழ் செய்த திருத்தத்தையும் அது வரும் பக்கத்தையும் குறிப்பிட வேண்டும். அபிப்பிராயம் தவறென்று கண்டால் மரியாதையுடன் காரணம் காட்டி மறுக்கலாம். பரிசீலகர் ஒரு வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மற்றவர்களும் அவ்வாறே புரிந்துகொள்ளக்கூடும்; ஆதலால் அவ்வாக்கியத்தையே திருத்துவது மேல். நிராகரிக்கப்பட்டாலும், கிடைத்த யோசனைகளைக் கொண்டு செப்பனிட்டு வேறு தகுந்த பத்திரிகைக்கு அனுப்பலாம்.

ஓர் எச்சரிக்கை

பணத்தைப் பெற்றுக்கொண்டு, பரிசீலனையின்றிச் சில நாட்களிலேயே அச்சிட்டுத் தருவதாகக் கடிதம் எழுதும் போலிப் பத்திரிகைகள் இக்காலத்தில் மலிந்துள்ளன. கட்டணம் வாங்குவது மட்டும் போலியின் அடையாளமன்று. யாவரும் இலவசமாகப் படிப்பதற்காக எழுதியவரிடம் கட்டணம் பெறும் நல்ல பத்திரிகைகளும் உண்டு. பத்திராதிபர் குழுவில் இருப்போர் யாவர், பரிசீலனை எவ்வாறு நடக்கிறது, கட்டணம் முன்கூட்டியே தெரிவிக்கப்படுகிறதா என்பவற்றை விசாரித்தபின்னரே அனுப்ப வேண்டும். போலிப் பத்திரிகையில் வெளியான நல்ல ஆராய்ச்சியைப் பின்வருபவர் நம்பமாட்டார். அதே வேலையை வேறு நல்ல பத்திரிகையில் மறுபடியும் வெளியிடவும் இயலாது.

கட்டுரை பிரசுரமானவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அளவுப் புத்தகங்களையும் தோட்டத்தின் வரைபடத்தையும் பத்திரப்படுத்தி, அடுத்துவரும் உத்தியோகஸ்தரிடம் ஒப்புவிக்க வேண்டும். கண்ட முடிவைச் சுருக்கமாகத் தமிழில் எழுதி, அப்பகுதியின் விவசாயிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். நிலத்தைப் பல வருஷங்கள் மரத்துக்கென ஒதுக்குபவர்கள் அவர்களே. ஆதலால் அவர்கள் நம்பி நடத்தக்க உண்மையைத் தருவதே இக்கட்டுரைகளின் முதல் நோக்கமாக இருத்தல் வேண்டும்.