ஸ்டீயரிங் ஒட்டுகிறதா? எழுதி வையுங்கள்

பட்டர்வொர்த் பக்கமிருந்து பினாங்குப் பாலம் ஏறி, நேராக ஓடும்போதுதான் இந்தக் கோளாறு தலைகாட்டும். ஸ்டீயரிங் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். சற்றே திருப்பப் போனால் வெடுக்கென்று கூடுதலாகத் திரும்பிவிடும். ஹோண்டா சிவிக் கார்கள் மீது இப்படிப் புகார்கள் சேர்ந்ததால், 2023 மார்ச்சில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை விசாரணை தொடங்கியது. ஸ்டீயரிங் கியர்பாக்ஸின் பல்சக்கரம் உப்பி, கிரீஸ் போதாமல் உரசியிருக்கிறது. 2024 அக்டோபரில் அங்கே சிவிக் உட்பட சுமார் 1.7 மில்லியன் ஹோண்டா கார்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன.

விசாரணையைக் கிளப்பியது ஓட்டுநர்களின் புகார்தான். அதனால் பட்டறையில் “ஒரு மாதிரி இழுக்குது அண்ணே” என்பதோடு நிறுத்தாதீர்கள். தேதி, வேகம், மைலேஜ், எச்சரிக்கை விளக்கு எரிந்ததா என்பதைக் குறித்துக் கொடுங்கள். வீடியோ எடுப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை. கழற்றிய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பழைய காடி வாங்கினால், மீட்பு அறிவிப்புக் கடிதம் முந்தைய உரிமையாளர் வீட்டுக்கே போயிருக்கலாம். கிரானில் (வாகன உரிமைச் சான்றிதழில்) உள்ள சேசிஸ் எண்ணைச் சொல்லி விற்பனை நிறுவனத்திடம் கேளுங்கள். புஸ்பாகோம் வாகனச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக மீட்பு வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஓட்டும்போதே பவர் ஸ்டீயரிங் செயலிழந்தால் சக்கரம் திரும்பும், ஆனால் கனக்கும். இரு கைகளாலும் இறுகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள். காடி நிற்கும்வரை சாவியைத் திருப்பி எடுக்க வேண்டாம். பூட்டு விழுந்தால் ஸ்டீயரிங் அறவே அசையாது.