நண்பர்களின் சனிக்கிழமைகள்

அன்புள்ள இளம் இயக்குநருக்கு,

முதல் படத்தை நண்பர்களை வைத்து எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். பாக்கெட்டில் பணமில்லாதவருக்குக் கால்ஷீட் தருகிறவர்கள் வேறு யார்? ஆனால் திரைக்கதையில் கை வைக்கும் முன்பே அவர்களால் எத்தனை நாள் வர முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' (1998). லண்டனில் அதில் நடித்தவர்களும் உதவியவர்களும் வார நாட்களில் வேறு வேலைக்குப் போனவர்கள். அதனால் ஏறக்குறைய ஓராண்டு, சனிக்கிழமைகளில் மட்டுமே படப்பிடிப்பு. செலவில் பெரும்பங்கு 16 எம்.எம். ஃபிலிமுக்கே போனது. நாடகத்துக்குப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு காட்சிக்கும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். கிடைத்த வெளிச்சம், கருப்பு வெள்ளை, சுமார் 70 நிமிடப் படம். நாயகனாக நடித்த ஜெரமி தியோபால்ட் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். நண்பர்களின் ஓய்வுநாளுக்கு ஏற்ப அளவெடுத்துச் செய்த படம் அது.

சாம் ரைமியின் 'தி ஈவில் டெட்' (1981) கதை வேறு. ரைமியும் புரூஸ் கேம்பலும் மிச்சிகனில் பள்ளி நாளிலிருந்தே சூப்பர் 8 கேமராவில் படம் எடுத்தவர்கள். கல்லூரிக் காலத்தில் ராபர்ட் டாபர்ட் சேர்ந்தார். மூவரும் 1978-இல் ஒரு குறும்படம் எடுத்து, அதைப் பல் மருத்துவர்களுக்கும் வக்கீல்களுக்கும் போட்டுக் காட்டிப் பணம் திரட்டினார்கள். 1979 குளிர்காலத்தில் டென்னசியில் ஒரு பாழடைந்த மரவீட்டில் படப்பிடிப்பு. திட்டமிட்ட வாரங்கள் முடிந்தன, படம் முடியவில்லை. நடிகர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, சொன்ன நாள்வரை இருந்தார்கள். மிச்சக் காட்சிகளில் முகம் தெரியாமல் வேறு ஆட்களை நிறுத்தி எடுக்க வேண்டியதாயிற்று. கடைசிவரை குளிரில் நின்றது அந்த மூவரும் இன்னும் ஒருசிலரும்தான். கேம்பல் பிறகு ரைமியின் மூன்று 'ஸ்பைடர்மேன்' படங்களிலும் தலைகாட்டினார்.

நம் பக்கத்தில் 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான குறும்படங்களில் கார்த்திக் சுப்பராஜுடன் வேலை செய்த விஜய் சேதுபதி, 2012-இல் கார்த்திக்கின் முதல் படமான 'பீட்சா'வின் நாயகன் ஆனார்.

நண்பரை எந்த வேலையில் வைப்பது என்பதில் சத்யஜித் ராயின் கண் கூர்மையானது. சினிமா கேமராவையே இயக்கியிராத சுப்ரதா மித்ராவை 'பதேர் பாஞ்சாலி'க்கு (1955) ஒளிப்பதிவாளராக்கினார். மித்ரா எடுத்த புகைப்படங்களை அவர் பார்த்திருந்தார். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா, ராயுடன் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியில் இருந்தவர். பாட்டி வேடத்துக்குச் சுனிபாலா தேவி என்ற பழைய நாடக நடிகையைத் தேடிப் போனார். முதுமையை நண்பர்கள் யாரும் நடித்துக் காட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

கூட இருக்கிறவன் என்பதற்காக மட்டும் யாருக்கும் வேடம் கொடுக்காதீர்கள். நன்றாகப் படம் பிடிப்பவனைக் கேமராவுக்குப் பின்னால் வையுங்கள். கணக்கில் கெட்டிக்காரியிடம் பணத்தைக் கொடுங்கள். சம்பளம் இல்லையென்றாலும் சாப்பாடும் பஸ் காசும் கொடுங்கள். எத்தனை நாள், படம் விலைபோனால் யாருக்கு எவ்வளவு, டைட்டிலில் யார் பெயர் எங்கே என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். இதையெல்லாம் முதல்நாள் ஷூட்டிங்குக்கு முன்பே செய்துவிடுங்கள்.