இரப்பர் மரம்

திருப்பூரில் தைக்கப்பெறும் உள்ளாடை இடையில் நில்லாது நழுவுமாயின், அதனை வாங்குவோர் யார்? அதனை நிறுத்துவது எலாஸ்டிக் என்னும் நெகிழ்நாடா. இந்நாளில் அதனுள் செயற்கை இழையும் புகுந்துளதெனினும், மரத்தின் பாலால் ஆகிய இரப்பர் இழை நீங்கிவிடவில்லை.

இம்மரத்தின் பிறப்பிடம் அமேசான் மழைக்காடு. 1876ஆம் ஆண்டில் என்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொணர்ந்தார். முளைத்தவை சிலவே. அந்நாற்றுகள் இலங்கைக்கும் பின்னர் மலாயாவுக்கும் சென்றன. ஆங்குக் காடழித்துத் தோட்டம் கண்டோருள் தமிழர் பல்லாயிரவர். செல்வம் சென்று சேர்ந்த இடமோ வேறு!

நம் குமரி மாவட்டத்திலும் இரப்பர்த் தோட்டங்கள் உள. வெயில் ஏறினால் பால் சுரப்பது குறையுமாதலின், விடியுமுன்னரே பால்வெட்டுத் தொடங்கிவிடும். பட்டையைச் சாய்வாகவும் மெல்லிதாகவும் சீவுதல் வேண்டும். கத்தி சற்றே ஆழ்ந்து மரத்தைத் தொடின், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை வெட்டுதல் அரிதாம். எனவே, தோட்டத்தின் ஆயுள் தொழிலாளியின் கைத்திறத்தில் உளது என்க.

சிரட்டையில் வடிந்த பாலை உறையச் செய்து எடுத்த இரப்பர், வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் கூட்டிச் சூடேற்றின் அக்குறை நீங்கும் என 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். பால் வற்றிய முதுமரத்தையும் அறுத்து மேசை, நாற்காலி செய்கின்றனர்.