கட்டளை வரியும் கடவுச்சொல்லும்

திருவனந்தபுரத்துத் தம்பானூர் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் செல்லும் வண்டியின் பெயர்ப்பலகையை, அவ்வண்டியில் ஏறாதவரும் படிக்கலாம். பலகை வைப்பதன் நோக்கமே அதுதான். லினக்ஸ் கணினியில் இயங்கும் ஒவ்வொரு நிரலும் இத்தகைய பலகை ஒன்றைத் தாங்கியே ஓடுகின்றது. நிரலை ஏவிய கட்டளை வரி அதில் எழுதப்பட்டிருக்கும்; வழக்கமான அமைப்பில், அக்கணினியில் கணக்குடைய எவரும் 'பி.எஸ்.' என்னும் கட்டளையால் அதனைப் படித்துவிடலாம்.

இதனை வகுப்பிலேயே சோதித்துக் காட்டலாம். 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே கேரளப் பள்ளிகளில் குனு லினக்ஸ் பரவியுள்ளமையால் கருவிக்குக் குறைவில்லை. ஒரு கணக்கில் 'ஸ்லீப் 600' என இடுக. நிரல் பத்து நிமிடம் வாளாவிருக்கும். அதற்குள் வேறொரு கணக்கிலிருந்து 'பி.எஸ். -ஈ.எஃப்.' என இட்டால், நிரலின் பெயரோடு 600 என்ற எண்ணும் தோன்றும். அவ்வெண் நின்ற இடத்தில் மாணவர் மதிப்பெண் தரவுத்தளத்தின் கடவுச்சொல் நின்றிருப்பின் நேர்வது யாதென விளக்க வேண்டுவதில்லை.

தரவுகளைப் படியெடுக்கும் துணை நிரலை மற்றொரு நிரல் ஏவும்போதே இப்பிழை பெரிதும் நிகழ்கின்றது. மைசீக்வல் நிரல்கள் தொடங்கியவுடன் கடவுச்சொல்லின்மேல் வேறெழுத்துகளை எழுதி மறைக்க முயல்கின்றன. எனினும் தொடக்கத்திற்கும் மறைப்பிற்கும் இடையே ஒரு கணப்பொழுது உண்டு. இடைவிடாது நோக்கியிருக்கும் நிரலொன்றை எழுதுவது அரிய செயலன்று. ஆதலின் அம்மறைப்பை நம்புதல் தகாது. போஸ்ட்கிரெஸ்ஸின் 'பி.ஜி. டம்ப்' நிரலில் கடவுச்சொல்லை இடுவதற்கெனத் தனி விருப்பக்குறியே இல்லை. ஆயினும் இணைப்பு முகவரியினுள் அதனைப் புகுத்தி அனுப்புவோர் உளர்!

சூழல் மாறி வழியே அனுப்புதல் ஓரளவு மேலானது. லினக்ஸில் அதனை அதே பயனரும் தலைமைப் பயனருமே காண இயலும். ஆனால் ஏவப்பட்ட நிரல் மேலும் நிரல்களை ஏவினால் அவையும் அதனைப் பெற்றுக்கொள்ளும்.

கோப்பே தக்க வழி. போஸ்ட்கிரெஸ் '.பி.ஜி. பாஸ்' என்னும் கோப்பை நாடும். அதன் அனுமதி 0600-க்கு மேல் தளர்ந்திருப்பின் அதனைப் பொருட்படுத்தாது. மைசீக்வலுக்குக் கூடுதல் அமைப்புக் கோப்பின் பெயரை முதல் விருப்பக்குறியாகத் தருதல் வேண்டும். அப்பொழுது கட்டளை வரியில் கோப்பின் பெயர் மட்டுமே தெரியும், உள்ளடக்கம் தெரியாது.

ஏவும் நிரல் அக்கோப்பைத் தானே உண்டாக்குமாயின், முதலில் 0600 அனுமதியோடு வெறுங்கோப்பைப் படைத்து, பின்னரே கடவுச்சொல்லை எழுதுக. எழுதியபின் அனுமதியைக் குறைத்தல் பயனற்றது. இடைப்பொழுதில் கோப்பைத் திறந்துகொண்டவர் அதன் பின்னரும் படித்துக்கொண்டே இருக்கலாம்.