கடலடி ஸ்கூட்டர்: பேட்டரியை முதலில் பாருங்கள்

டைவர்களை நீருக்கடியில் இழுத்துச்செல்லும் ஸ்கூட்டர் வாங்க வருகிறவர்கள் வேகத்தையும் விலையையும் கேட்கிறார்கள். பேட்டரியைப் பற்றிய கேள்வி பில் போட்ட பிறகுதான் வருகிறது. சிலருக்கு விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போதுதான் வருகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே டைவ் அடிக்கப் போகிறீர்கள், அங்கே எதில் போகிறீர்கள் என்பதை வைத்து பேட்டரியை முடிவு செய்யுங்கள். அந்த பேட்டரி எந்த ஸ்கூட்டரில் பொருந்துமோ அதை வாங்குங்கள்.

முதல் வேலை: லேபிளைப் படிப்பது

பேட்டரியின் அடியில் வோல்ட், ஆம்பியர்-அவர் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட்-அவர். உங்களுக்கு வேண்டியது அந்த ஓர் எண்தான். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90 வாட்-அவர். விளம்பரங்களில் "11,000" என்று பெரிய எழுத்தில் வருவது மில்லி ஆம்பியர்-அவர். அதை ஆயிரத்தால் வகுத்து, 11.1 வோல்ட்டால் பெருக்கினால் 122 வாட்-அவர்.

வோல்ட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. துளைபோடும் இயந்திரங்களுக்கான சில பேட்டரிகளில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று போட்டிருக்கும். அது முழு சார்ஜில் இருக்கும்போது காட்டும் அளவு. கணக்குக்கு உரிய வோல்ட் 18தான். இந்தச் சின்ன வித்தியாசத்தால் அதே 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 100 வாட்-அவராகத் தோன்றும், உண்மையில் 90. விமானத்தில் இந்தப் பத்து எவ்வளவு முக்கியம் என்பது கீழே வருகிறது.

எவ்வளவு நேரம் ஓடும்?

வாட்-அவரை மோட்டார் இழுக்கும் வாட்டால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 90 வாட்-அவர் பேட்டரிகள் இரண்டு, மோட்டார் இழுப்பது 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். 180 வாட்-அவரில் எண்பது சதவீதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அது 144. ஆக ஓடுவது 43 நிமிடம்.

இது போதாது என்று உடனே பெரிய பேட்டரியைத் தேடாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். நீரில் மின்செலவு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் மின்செலவு ஏறத்தாழ பாதியாகிவிடும். அதே 144 வாட்-அவரில் 43 நிமிடம் என்பது 84 நிமிடமாகும், போகும் தூரமும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். பெரிய பேட்டரி கேட்கிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது விசையை விட்டுப்பிடிக்கும் பழக்கம்தான்.

தொடர் இணைப்பில் இரண்டு பேட்டரி போடும் ஸ்கூட்டர் என்றால், இரண்டும் ஒரே கொள்ளளவு, ஒரே வயது இருக்க வேண்டும். பழசும் புதுசும் கலந்தால் பழசு முதலில் காலியாகி இரண்டையும் நிறுத்திவிடும்.

எத்தனை நிமிடம் கணக்கு வந்தாலும், நடுவழியில் ஸ்கூட்டர் நின்றால் காற்று தீர்வதற்குள் காலை அடித்துத் திரும்ப முடிகிற தூரத்தைத் தாண்டக் கூடாது. எதிர்நீரோட்டம் இருந்தால் அந்தத் தூரம் இன்னும் குறையும்.

எந்த வகை?

மூடிய ஈய-அமில பேட்டரி மலிவு, கனம், நம்பகம். ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் நெடுந்தூரம் போன டைவர்கள் பயன்படுத்திய பழைய காவின் ஸ்கூட்டர்கள் இதில்தான் ஓடின. ஆனால் லேபிளில் இருக்கும் ஆம்பியர்-அவர் இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. ஒரே மணி நேரத்தில் உறிஞ்சினால் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான் தேறும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் கசியலாம். ஸ்கூட்டரின் மூடிய உடலுக்குள் வைத்து இதை சார்ஜ் செய்வது வெடிகுண்டு தயாரிப்பதற்குச் சமம். மூடியைக் கழற்றிக் காற்றாட வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும்.

நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு நடுத்தரம். ஈயத்தைவிடக் கனம் குறைவு, லித்தியத்தைவிட அதிகம். சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கும். ஆனாலும் முனைகளை மூடி எடுத்துப்போனால் விமானத்தில் லித்தியத்துக்கு உள்ள வாட்-அவர் வரம்பு இதற்கு இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே பழைய ஆட்கள் சிலர் இதை இன்னும் விடவில்லை.

இன்று வரும் புது ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் லித்தியம்-அயான். கனம் குறைவு, கடைசிவரை வேகம் விழாது, விலை அதிகம். எரிந்தால் அணைப்பது கடினம். அவற்றுள் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் வகை கொஞ்சம் கனமானது, சூட்டைத் தாங்குவதில் மேல். படகில் ஏற்றி உள்ளூர்க் கடலிலேயே டைவ் அடிக்கிறவருக்கு நான் அதைச் சொல்வேன்.

விமானத்தில்

உலக அளவிலான விதி இதுதான். லித்தியம்-அயான் பேட்டரி 100 வாட்-அவருக்குள் இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம். 100க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதிலும் உதிரி ஆளுக்கு இரண்டுதான். 160ஐத் தாண்டினால் பயணியாக எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. சரக்காக அனுப்பலாமா என்றால், தனி லித்தியம்-அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை. சரக்கு விமானத்தில் மட்டும், சார்ஜ் 30 சதவீதத்துக்கு மிகாமல், ஆபத்தான பொருளுக்கு உரிய பேக்கிங்கோடு போக வேண்டும். ஒரு வார விடுமுறைக்கு அது கட்டுப்படியாகாது.

எனவே பறக்கிற டைவருக்கு என் யோசனை: துளைபோடும் இயந்திர பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டரை வாங்குங்கள். அமெரிக்காவின் டைவ் எக்ஸ்ட்ராஸ் நிறுவனத்தின் பிளாக்டிப் அப்படிப்பட்டது. டிவால்ட், மகிதா, மில்வாக்கி போன்றவற்றின் 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 90 வாட்-அவர், வரம்புக்குள் நிற்கும். 6 ஆம்பியர்-அவர் வாங்கினால் 108, அனுமதிக் கடிதம் தேடி அலைய வேண்டும். பேட்டரி கெட்டாலும் போன ஊரின் ஹார்டுவேர் கடையில் வேறு கிடைக்க வாய்ப்பு உண்டு. ஸ்கூட்டருக்கென்றே செய்த பேட்டரி கெட்டால் விடுமுறை முடிந்தது என்று அர்த்தம்.

டிவால்ட்டின் ஃபிளெக்ஸ்வோல்ட் பேட்டரியில் ஒரு மூடியை மாட்டினால் உள்ளே மூன்று தனிப் பகுதிகளாகப் பிரிந்துவிடும். 162 வாட்-அவர் என்பது மூன்று 54 ஆகும். தொழில்நுட்பம் நல்லதுதான். ஆனால் கவுண்ட்டரில் இருப்பவர் கண்ணில் லேபிளின் பெரிய எண்தான் முதலில் படும். அதை நம்பிக் கிளம்புவதாக இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்பே எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈய-அமிலத்துக்கு 12 வோல்ட், 100 வாட்-அவர் என்பது எல்லை, அதுவும் கசியாத வகையாக இருக்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி 84 வாட்-அவர் என்பதால் தேறும். 12 ஆம்பியர்-அவர் என்றால் தேறாது.

கட்டும் முறை: பேட்டரியை ஸ்கூட்டரிலிருந்து கழற்றுங்கள். ஒவ்வொன்றின் உலோக முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போட்டு, கைப்பையில் வையுங்கள். உதிரி லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. பாதி சார்ஜோ அதற்குக் குறைவோ இருப்பது நல்லது. வாட்-அவர் எண் தேய்ந்து அழிந்த பேட்டரியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், உங்கள் பெருக்கல் கணக்கை யாரும் அங்கே நின்று கேட்க மாட்டார்கள். நீங்களே செல் வாங்கி ஒட்டிய பேட்டரியும் வேண்டாம். ஐ.நா. 38.3 சோதனையில் தேறாத லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றக் கூடாது.

பேட்டரி எடுத்த ஸ்கூட்டர் உடலை செக்-இன் செய்யலாம். எக்ஸ்ரே திரையில் அது டார்பிடோ மாதிரிதான் தெரியும், ஆகவே கையேட்டின் முதல் பக்கத்தை அச்செடுத்து மேலே வையுங்கள். மூடியை இறுக்காமல், அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றி வையுங்கள். மேலே போனதும் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைபட்ட காற்று மூடியைத் தள்ளும். டைவிங் டார்ச்சும் கொண்டுபோனால், பலத்த சூடு தரும் விளக்குக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலும், பேட்டரியைத் தனியாகக் கழற்றுவதும் தேவை.

நீரில் இறக்கும் முன்

பேட்டரி மாறினால் எடை மாறும். ஈய-அமிலத்தை எடுத்துவிட்டு லித்தியம் வைத்தால் அதே வாட்-அவருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறையலாம், ஸ்கூட்டர் மிதக்கத் தொடங்கும். குறைந்த எடையை ஈயத்துண்டுகளாக, பேட்டரி இருந்த அதே இடத்தில் வையுங்கள். வேறு இடத்தில் வைத்தால் மூக்கு தாழும் அல்லது தூக்கும். நன்னீரில் சரிசெய்ததைக் கடலில் இறக்கினாலும் கணக்கு மாறும். 30 லிட்டர் இடத்தை அடைக்கும் ஸ்கூட்டருக்குக் கடலில் சுமார் 750 கிராம் கூடுதல் ஈயம் வேண்டும்.

ஓ-ரிங்கை நகத்தால் அல்ல, மழுங்கிய பிளாஸ்டிக் துண்டால் எடுங்கள். பள்ளத்தைத் துணியால் துடைத்து, வளையத்தை விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். ஒரு தலைமுடியோ ஒரு மணல்துகளோ விரலில் தட்டும். தண்ணீர் புக அதுவே போதும்.

படகில் சார்ஜ் போடுவதானால் ஆள் விழித்திருக்கும்போது, வெளித்தளத்தில், எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல் போடுங்கள். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு இரவில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீ எதனால் பிடித்தது என்பது விசாரணையில் உறுதியாகவில்லை. ஆனால் கண்காணிப்பில்லாமல் லித்தியம் பேட்டரி சார்ஜ் செய்வதைக் கட்டுப்படுத்தும்படி அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதற்குப் பின் எச்சரித்தது.

உள்ளே உப்புநீர் புகுந்துவிட்டால் சார்ஜரில் மாட்டிச் சோதிக்க வேண்டாம். உப்புநீரில் மின்சாரம் பாய்ந்தால் ஹைட்ரஜனும் குளோரினும் வரும். முகத்தை விலக்கிக்கொண்டு மூடியைத் திறந்து, பேட்டரியைத் திறந்த வெளியில் தனியே வையுங்கள். காய்ந்த பிறகு வேலை செய்வதுபோலத் தோன்றினாலும் அது பழுதான பேட்டரிதான். பழுதான லித்தியம் பேட்டரி 50 வாட்-அவராக இருந்தாலும் விமானத்தில் ஏற்ற அனுமதி இல்லை. போன ஊரிலேயே மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.