ரெடிமேட் இமேஜ் வேண்டாம்: விண்டோஸுக்குள் நாமே அமைக்கும் லினக்ஸ்

போடிநாயக்கனூர் அருகே பொட்டிபுரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உள்ளூர் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. 2022ல் தமிழக அரசும் தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை குடையப்படவில்லை. ஆனால் அங்கே வைக்க இருந்த 50 ஆயிரம் டன் காந்த இரும்புக் கருவி கம்ப்யூட்டர்களுக்குள் பல ஆண்டுகள் இயங்கியது. 5.6 செ.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடுகள் 151 அடுக்குகளாக நிற்பதாக ஜியான்ட் 4 என்ற இலவச புரோகிராமில் எழுதி, ஒரு துகள் உள்ளே வந்தால் எந்தத் தடம் பதியும் என்று இயற்பியலாளர்கள் கணக்கிட்டார்கள்.

இதே புரோகிராமை வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். விண்டோஸிலும் இயங்கும் என்றாலும், லினக்ஸில் அமைப்பது எளிது. அதற்காக விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச புரோகிராம், உங்கள் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது போல ஒரு விண்டோவைத் தரும். லினக்ஸ் அதற்குள் ஓடும்.

இங்கேதான் பலர் குறுக்கு வழியில் போகிறார்கள். யாரோ லினக்ஸை நிறுவி, வேண்டிய புரோகிராம்களையும் போட்டு, மொத்தமாக ஒரே ஃபைலாகத் தருவார்கள். இதுதான் ரெடிமேட் இமேஜ். டவுண்லோட் செய்து திறந்தால் போதும். ஆனால் அதில் என்னென்ன இருக்கிறது, பாஸ்வேர்ட் வேறு யாருக்கெல்லாம் தெரியும், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்பதெல்லாம் செய்தவருக்குத்தான் வெளிச்சம். போடி ஏல மையத்தில் ஏலக்காயின் சாம்பிளைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். கட்டிய மூட்டையைப் பிரிக்காமல் யாரும் வாங்குவதில்லை. லினக்ஸ் நிறுவனங்களே வெளியிடும் இமேஜ்களை நம்பலாம். முகம் தெரியாதவர் தருவதை ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் டேபில் சிபியூவைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே எனேபிள்ட் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பயாஸில் சென்று அதை இயக்கிடவும். ராம் 8 ஜிபி இருந்தால் நல்லது.

அடுத்து டெபியன் இணையதளத்திலிருந்து நெட்இன்ஸ்ட் என்ற சிறிய ஐஎஸ்ஓ ஃபைலை டவுண்லோட் செய்திடவும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 பதிப்பில் இது 1 ஜிபிக்கும் குறைவுதான். நிறுவத் தேவையானது மட்டும் இதில் இருக்கும். மற்றவை, நீங்கள் கேட்ட பிறகுதான் நெட்டிலிருந்து வரும். அதே ஃபோல்டரில் ஷா256சம்ஸ் என்ற சிறு ஃபைலும் உண்டு. செவன்-ஜிப் இருந்தால் ஐஎஸ்ஓ மீது ரைட் கிளிக் செய்து ஷா-256 கணக்கிடவும். வரும் நீண்ட எண்ணும் அந்த ஃபைலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி டவுண்லோட் செய்திடுங்கள்.

விர்ச்சுவல் பாக்ஸில் நியூ கிளிக் செய்து, பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓவைக் காட்டவும். அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன் என்று ஒரு வரி இருக்கும். அது வேண்டாம் என்றே தேர்வு செய்திடவும். விட்டுவிட்டால் விபாக்ஸ்யூசர் என்ற பெயரையும் சேஞ்ச்மீ என்ற பாஸ்வேர்டையும் வைத்து அதுவே நிறுவ முனையும். உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்ட் அது! ராமுக்கு 2 ஜிபி, டிஸ்க்குக்கு 30 ஜிபி தாருங்கள். முழுவதையும் முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் அடிக்காவிட்டால், உள்ளே சேரச் சேரத்தான் ஹார்ட் டிஸ்க்கில் இடம் பிடிக்கும்.

ஸ்டார்ட் கொடுத்தால் நிறுவல் தொடங்கும். கிராஃபிகல் இன்ஸ்டால் தேர்வு செய்தால் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. ரூட் பாஸ்வேர்ட் கேட்கும்போது காலியாக விட்டால், அடுத்து நீங்கள் உருவாக்கும் யூசருக்கே நிர்வாக உரிமை கிடைக்கும்.

பிறகு வரும் ஒரு திரையில் புதியவர்களுக்குக் கை நடுங்கும். டிஸ்க் முழுவதையும் பயன்படுத்தவா என்று கேட்கும். போட்டோக்கள், கணக்கு வழக்கு எல்லாம் போய்விடுமோ என்று பயந்து கேன்சல் செய்தவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். உள்ளே ஓடும் லினக்ஸின் கண்ணுக்கு உங்கள் நிஜ ஹார்ட் டிஸ்க் தெரியாது. பட்டியலில் விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க் என்ற பெயரும் 32.2 ஜிபி என்ற அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். (நாம் கொடுத்த 30ஐ டெபியன் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் இது.) இருந்தால் தைரியமாக எஸ் கொடுக்கலாம். ஆனால் இதே ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் போட்டு கம்ப்யூட்டரையே பூட் செய்தால் கதை வேறு. அப்போது இதே எஸ், விண்டோஸை நிஜமாகவே அழித்துவிடும்.

டெஸ்க்டாப் தேர்வில் க்னோமை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ டிக் அடித்தால் டவுண்லோடும் குறையும், 2 ஜிபி ராமிலும் சுணங்காது. க்ரப் கேட்டால் எஸ். மின்வெட்டு நேரம் பார்த்து உட்காராதீர்கள்.

லினக்ஸ் எழுந்ததும் டெர்மினலைத் திறந்து சுடோ, ஆப்ட், இன்ஸ்டால் என்ற மூன்று சொற்களையும், தொடர்ந்து பில்ட்-எசென்ஷியல், சிமேக் என்ற பெயர்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விட்டு டைப் செய்து எண்டர் தட்டவும். ஜியான்ட் 4ன் மூல நிரலை இயங்கும் புரோகிராமாக மாற்ற இவை தேவை. வேறு புரோகிராம்கள் சேர்க்கவும் இதே வழிதான்.

இத்துடன் லினக்ஸை ஷட் டவுன் செய்து, விர்ச்சுவல் பாக்ஸில் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வைக்கவும். ஜியான்ட் 4ஐயும் அதன் டேட்டா ஃபைல்களையும் அதன் பிறகு இறக்குங்கள். ஏதாவது குழம்பினால் ரீஸ்டோர் கொடுத்து இந்த இடத்துக்கே திரும்பி வரலாம்.